ஜாமீன் நின்ற மேயர்

நம்ம குழுவுல ஒருத்தர் உள்கடன் கேட்டா, தீர்மான நோட்டுல எல்லாரும் கையெழுத்துப் போடுறோம். வங்கிக் கடன் வாங்கினா குழு மொத்தமும் பொறுப்பு. ஒருத்தர் தவணை தவறினா மத்தவங்க அவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கிறோம். இல்லேன்னா ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நாமளே கட்டிட்டு, அப்புறமா மெல்ல வசூல் பண்றோம். நிலம், நகை எதுவும் இல்லாதவங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரரே ஜாமீன் என்ற இந்த வழி எங்கேருந்து வந்தது என்று கேட்டால், அரசாங்கம் கொண்டுவந்தது என்பார்கள் சிலர். வங்காளதேசத்தில் ஒரு பேராசிரியர் ஆரம்பித்தது என்பார்கள் இன்னும் சிலர். அதற்கெல்லாம் 100 வருஷத்துக்கும் முன்னாலேயே, ஜெர்மனியில் குளிரும் கல்லும் நிறைந்த ஒரு மலைப்பகுதியில், கண் பார்வை மங்கிப்போன ஒரு மேயர் இந்த வழியை ஊர் ஊராகப் பரப்பினார். அவர் பெயர் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன்.

அவர் கிறிஸ்தவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அவர் வாழ்க்கையில் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் சொல்ல முடியாது. நம்ம கூட்டமைப்புல மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துறவங்க, நோன்பு வைக்கிறவங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவங்க எல்லாரும் இருக்கோம். யாரையும் எந்தப் பக்கமும் இழுக்க இதை எழுதவில்லை. கும்பிடுகிற சாமியைக் கணக்கு நோட்டு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்த ஒரு மனுஷனின் கதை என்பதால் எழுதுகிறேன்.

1818 மார்ச் 30-ஆம் தேதி, வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் ஹாம் என்ற சின்ன ஊரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. அப்பா கொஞ்ச காலம் அந்த ஊர் மேயராக இருந்தவர். பிறகு அந்தப் பதவியும் போய், குடும்பம் நொடித்துப் போனது. பாரம் முழுக்க அம்மா தலையில் விழுந்தது. மேல்படிப்புக்கு அனுப்பக் காசில்லை. ஊர்ப் பாதிரியார்தான் வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அம்மாவின் ஜெபமும் அந்தப் பாதிரியாரின் பாடமும்தான் அவருக்குக் கிடைத்த கல்லூரி.

17 வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். பீரங்கிப் படை. நல்ல சம்பளம், நல்ல பதவி என்று போக வேண்டிய பிள்ளைக்குக் கண் நோய் வந்து, 1843-இல் பட்டாளத்தை விட வேண்டியதாயிற்று. சிவில் வேலைக்கு வந்தார். 1845-இல், 27 வயது வாக்கில், வெயர்புஷ் என்ற இடத்துக்கு மேயராகப் போட்டார்கள். மேயர் என்றதும் சென்னை, மதுரை மாதிரி நினைக்க வேண்டாம். 20-க்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் கிராமங்கள், மோசமான பாதை, கல் காடு. நம்ம ஊராட்சித் தலைவரையும் வட்டார அலுவலகத்தையும் ஒன்றாகச் சேர்த்த மாதிரி ஒரு வேலை. அதே வருஷம் எமிலி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார்.

அங்கே விவசாயிகள் எப்படிக் கடனில் விழுந்தார்கள் என்று படிக்கும்போது எனக்கு ஜெர்மனி ஞாபகமே வரவில்லை, நம்ம பக்கத்து ஊர்தான் ஞாபகம் வந்தது. பண்ணையடிமை முறை ஒழிந்து நிலம் சொந்தமாகியிருந்தது, ஆனால் அதற்கு ஈடாக முன்னாள் எஜமானர்களுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. கையில் காசில்லை, வியாபாரியிடம் போனார்கள். மாடு வாங்க வழியில்லாதவனுக்கு வியாபாரி தன் மாட்டை விடுவான். தீனி போட்டு வளர்ப்பது விவசாயி, கன்னு பெரும்பாலும் வியாபாரிக்கு. வாரத்துக்கு மாடு விடுறதுன்னு நாம சொல்றோமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அங்கே கணக்கு எழுதுவது வியாபாரி மட்டுமே. ரெண்டு மூணு வருஷத்தில் மாடும் போய், நிலமும் போய்விடும்.

இந்த நிலைமையில் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. 1846-இல் தானிய விளைச்சலும் பொய்த்தது. அந்தக் குளிர்காலத்தில் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். அரசாங்கம் கிடங்கிலிருந்து மாவு அனுப்பியது. ஆனால் ரொக்கம் கொடுப்பவர்களுக்கு மட்டும்தான் மாவு என்று உத்தரவு. பசி யாருக்கு இருந்ததோ அவர்களிடம் ரொக்கம் இல்லை. ரொக்கம் வைத்திருந்தவர்களுக்கு அந்த அளவுக்குப் பசி இல்லை.

இளம் மேயருக்கு முன்னால் ரெண்டு வழி. உத்தரவுப்படி நடந்தால் வேலைக்கு ஆபத்தில்லை. மீறினால் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். மத்தேயு சுவிசேஷத்தில் 25-ஆம் அதிகாரம் ஒன்று உண்டு. பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, உடுப்பில்லாதவனுக்கு உடுத்தக் கொடுத்தாயா, இருக்கிறவர்களிலேயே சிறியவனுக்கு நீ செய்தது எனக்கே செய்தது என்று இயேசு கணக்குக் கேட்கிற இடம். ரைஃபைசன் வாழ்நாள் முழுக்கத் தன் வேலைக்கு அடிப்படையாகச் சொல்லிவந்தது இதைத்தான். அவர் மாவைக் கடனுக்குக் கொடுத்தார்.

ஆனால் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. ஊரில் வசதியுள்ளவர்களைக் கூட்டி ஒரு குழு அமைத்தார். பணம் போடச் சொன்னார், பொறுப்பு ஏற்கச் சொன்னார். ஊருக்குப் பொதுவாக ஒரு ரொட்டி அடுப்பு கட்டினார்கள். அங்கே சுட்ட ரொட்டி, கடை விலையில் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைத்தது. இல்லாதவர்கள் கடன் சீட்டு எழுதிக் கொடுத்து வாங்கிப் போனார்கள், அறுவடைக்குப் பிறகு திருப்பிக் கட்ட வேண்டும். விதைக் கிழங்கும் இதே மாதிரிதான். ரொட்டிச் சங்கம் என்று அதற்குப் பெயர். இலவசம் என்றால் வாங்குகிறவர் தலை குனிய வேண்டியிருக்கும். கடன் என்றால் நிமிர்ந்து வாங்கலாம். நிவாரணப் பொருளுக்கு டோக்கன் வாங்க வெயிலில் வரிசையில் நின்றவங்களுக்கு இந்த வித்தியாசம் சொல்லாமலே புரியும்.

1848-இல் ஃபிளாமர்ஸ்ஃபெல்ட் என்ற இன்னொரு இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே பஞ்சம் தீர்ந்திருந்தது, வட்டி தீரவில்லை. 1849-இல் வசதியுள்ள 60 பேரைச் சேர்த்து ஒரு உதவிச் சங்கம் ஆரம்பித்தார். அந்த 60 பேரும் தங்கள் சொத்து முழுவதையும் ஜாமீனாக வைத்து வெளியில் பணம் வாங்கினார்கள். அந்தப் பணத்தில் மாடு வாங்கி, ஏழை விவசாயிகளுக்குக் கொடுத்து, அஞ்சு வருஷத் தவணையில் வசூலித்தார்கள். கன்னு வளர்த்தவனுக்கே. ஒரு வசதியான ஆள், யாரோ ஒரு ஏழையின் மாட்டுக்காகத் தன் வீட்டையும் வயலையும் ஈடு வைக்கச் சம்மதிப்பது சின்ன விஷயமா? பக்தி உள்ளவன் காணிக்கைத் தட்டில் காசு போட்டால் போதாது, தன் பெயரையே அடகு வைக்க வேண்டும் என்று அவர்களை ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறார்.

1852-இல் ரைன் நதிக்கரையில் ஹெடெஸ்டார்ஃப் ஊருக்கு மேயராகப் போனார். 1854-இல் அங்கே ஒரு தர்ம சங்கம் ஆரம்பித்தார். ஆசை ரொம்பப் பெரிசு. மாட்டுக் கடன், பணக் கடன், கவனிப்பாரற்ற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை, ஊருக்கு நூலகம் என்று எல்லாமே ஒரே சங்கத்தில். மத்தேயுவின் அந்த அதிகாரத்தையே வேலைத் திட்டமாக எழுதி வைத்த மாதிரி இருக்கும். பத்து வருஷத்தில் கடன் கொடுக்கும் வேலை மட்டும் மிஞ்சியது. மற்றதெல்லாம் தேய்ந்துவிட்டது. கடன் வேலையும் ஆட்டம் கண்டது. வசதியுள்ளவர்களுக்குச் சலிப்பு வந்துவிட்டது. எவனோ வாங்கும் கடனுக்கு நான் ஏன் எத்தனை வருஷம் ஜாமீன் நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள்.

அவர் வாழ்க்கையிலேயே இந்த இடம்தான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். இருப்பவன் இல்லாதவனுக்குச் செய்ய வேண்டும் என்பது அவருக்கு வெறும் யோசனை கிடையாது, விசுவாசம். அது தோற்றுக்கொண்டிருந்தது. வசதிக்காரர்களுக்கு பக்தி குறைந்துவிட்டது என்று புலம்பிவிட்டுப் போயிருக்கலாம். பல தலைவர்கள் அதைத்தான் செய்வார்கள். அவர் மனசில்லாமல்தான், ஆனாலும் மாற்றினார். 1864-இல் தர்ம சங்கத்தைக் கடன் சங்கமாக்கினார். இனிமேல் கடன் வேண்டுமென்றால் நீயும் உறுப்பினர் ஆக வேண்டும், நீயும் மற்றவர்களுக்காக ஜாமீன் நிற்க வேண்டும். கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம் என்பது போய், எல்லாரும் ஒரே நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். பிறனை நேசி என்பதற்கு அவர் கடைசியில் கண்ட அர்த்தம் அதுதான். பக்கத்து வீட்டுக்காரர் கடனில் உனக்கும் பங்கு உண்டு. அதனால் அவர் மாடு செத்தால் உனக்கும் தூக்கம் வராது.

சட்டதிட்டங்களைப் பார்த்தால் அவர் மனசு தெரியும். ஒரு சங்கம் ஒரு திருச்சபை எல்லைக்குள், அதாவது ஒருத்தரை ஒருத்தர் தெரிந்த அளவுக்குள் இருக்க வேண்டும். யார் குடிக்கிறார், யார் உழைக்கிறார் என்று தெரிந்தால்தானே ஜாமீன் நிற்க முடியும். கடன் எதற்கு என்று சொல்ல வேண்டும். சொன்ன காரியத்துக்குச் செலவழிக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும் சம்பளம், ஆனால் யாருக்குக் கடன் கொடுப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் அவருக்கு ஓட்டு கிடையாது. இந்தக் கடைசி விதியை மட்டும் நம்ம ஊர்க் குழுக்களில் நாலு பேர் ஞாபகம் வைத்திருந்தால் எத்தனையோ சண்டை வந்திருக்காது.

அவர் புராட்டஸ்டண்ட். ஆனால் கத்தோலிக்கர்களுக்கும் சங்கத்தில் அதே இடம். அந்தக் காலத்து ஜெர்மனியில் இந்த ரெண்டு சபைக்காரர்களும் ஒருத்தர் வாசல்படியை ஒருத்தர் மிதிக்க யோசிப்பார்கள். யூதர்கள் விஷயத்தில் மட்டும் அந்த மனசு விரியவில்லை. வட்டிக்கு விட்டவர்களில் யூதர்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. இருந்தும் யூதர்களை மொத்தமாகக் குறை சொல்லும் பேச்சு அவர் கடைசிக் காலத்து எழுத்துகளில் இருக்கிறது. அவருடைய விசுவாசம் அவரைக் கொண்டுபோன தூரத்தைச் சொல்லும்போது, அது நின்றுவிட்ட இடத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

லாபத்தை என்ன செய்வது என்பதில்தான் பெரிய சண்டை. அதே காலத்தில் நகரங்களில் கைத்தொழில் செய்பவர்களுக்காக ஷுல்ஸ டெலிட்ஷ் என்ற இன்னொருவர் கடன் சங்கங்களை நடத்திக்கொண்டிருந்தார். அவரும் திறமைசாலி, நேர்மையானவர். சங்கத்துக்குள் மதம் வேண்டாம், தர்மமும் வேண்டாம், பங்குப் பணம் போடு, லாபத்தைப் பங்கு பிரி, கடனைச் சில மாசத்தில் வசூல் பண்ணு என்பது அவர் வழி. செருப்புத் தைப்பவருக்கும் தச்சருக்கும் அது சரி. ஆனால் விதை போட்டவர் அறுக்க வேண்டும், மாடு வாங்கியவருக்குக் கன்னு வளர வேண்டும். மூணு மாசத்தில் எங்கே போய்க் கட்டுவார்? ரைஃபைசன் வருஷக்கணக்கில் தவணை கொடுத்தார். எந்த நேரமும் திருப்பிக் கேட்கக்கூடிய சேமிப்புப் பணத்தை எடுத்து நீண்ட காலக் கடன் கொடுப்பது ஆபத்து என்று ஷுல்ஸ எச்சரித்தார். அதிலும் நியாயம் இருந்தது. பத்திரிகையில் அடித்துக்கொண்டார்கள், விவகாரம் நாடாளுமன்றம் வரைக்கும் போனது.

லாபத்தைப் பங்கு பிரிப்பதை மட்டும் ரைஃபைசன் கடைசி வரைக்கும் எதிர்த்தார். மிஞ்சியது பொது நிதிக்குப் போக வேண்டும். அந்த நிதியை யாரும் பிரிக்க முடியாது. சங்கத்தையே கலைத்தாலும் அது உறுப்பினர் கைக்குப் போகாது, ஊர் நன்மைக்குத்தான். இன்றைக்கு இருப்பவர்கள் மட்டும் தின்று தீர்க்கக் கூடாது, பிறக்காத பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு என்ற கணக்கு. வருஷக் கடைசியில் நம்ம குழுவுல நடக்கிற பேச்சுதான் இது. தீபாவளிக்குள்ள பிரிச்சுக்கலாம்னு அஞ்சு பேர், வேண்டாம் அது குழுப் பணமா இருக்கட்டும்னு ரெண்டு பேர். பிரிச்சு எடுத்துட்டா கையில துணிமணியும் பலகாரமும் வரும், தை மாசம் பள்ளிக்கூட பீஸுக்கு மறுபடி வெளியிலதான் போகணும். இப்படிப் பிரித்துப் பிரித்தே காணாமல் போன குழுக்கள் எனக்கே ஏழெட்டு தெரியும்.

இனி அவர் வீட்டுக்குள் வருவோம். பெண்கள் படிக்கிற மலரில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

எமிலி ஏழு பிள்ளைகள் பெற்றார், மூன்று குழந்தைப் பருவத்திலேயே போய்விட்டன. 1863-இல் எமிலியும் இறந்தார். அப்போது மூத்த மகள் அமாலியாவுக்கு ஏறக்குறைய 17 வயது. அப்பாவின் கண் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டிருந்தது, உடம்பும் கெட்டது. 1865-இல் மேயர் வேலையை விட்டார். கிடைத்த ஓய்வூதியம் குடும்பத்துக்குப் போதவில்லை. சுருட்டுத் தொழில் செய்து பார்த்தார், பிறகு ஒயின் வியாபாரம். ஆயிரக்கணக்கான விவசாயிகளைக் கடனிலிருந்து மீட்டவர், தன் வீட்டுச் செலவுக்கு வியாபாரம் செய்து பிழைத்தார். சங்கத்திலிருந்து தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை.

1866-இல் கடன் சங்கங்களை எப்படி நடத்துவது என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். ஊர் ஊராகச் சங்கம் பரவியதற்கு அந்தப் புத்தகம் பெரிய காரணம். அவர் வாயால் சொன்னதை உட்கார்ந்து எழுதியது அமாலியா. வரும் கடிதங்களைப் படித்துச் சொன்னதும், பதில் எழுதியதும், கணக்குப் பார்த்ததும் அமாலியா. அவருக்குக் கண்ணும் கையும் அந்தப் பெண்தான். கல்யாணத்துக்கு ஆசைப்பட்டபோது அப்பா சம்மதிக்கவில்லை. வேலை நின்றுவிடும் என்பதுதான் காரணம். 1867-இல் அப்பா மறுமணம் செய்துகொண்டார். மகள் கடைசி வரைக்கும் தனியாகவே இருந்துவிட்டார்.

கடவுளின் காரியம் என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கு மனசு ஒத்துக்கொள்ளவில்லை. 60 வசதிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுச் சம்மதம் வாங்கியவர், வீட்டில் இருந்த ஒரு பெண்ணிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டார். அந்தச் சங்கங்களில் உட்கார்ந்து தீர்மானம் போட்டவர்கள் ஆண்கள். அவர்களுக்குப் போன கடிதங்களை எழுதிய கை ஒரு பெண்ணின் கை. அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அமாலியாவின் பெயரையும் சேர்த்துச் சொல்வது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சங்கங்கள் பெருகியதும் அடுத்த பிரச்சினை வந்தது. ஒரு ஊரில் பணம் மிச்சம் கிடக்கும், இன்னொரு ஊரில் விதைக்குக் காசிருக்காது. 1872-இல் சங்கங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு மத்திய வங்கியை நொய்வீட் நகரில் ஆரம்பித்தார். 1877-இல் கணக்குத் தணிக்கைக்கும் வழிகாட்டவும் ஒரு கூட்டமைப்பு. குழு, அதுக்கு மேல கூட்டமைப்பு, ஒருத்தர் நோட்டை இன்னொருத்தர் பார்க்கிறது என்று நாம இப்போ செய்யுற ஏற்பாடெல்லாம் அங்கே இருந்தது. 1888 மார்ச் 11-ஆம் தேதி ஹெடெஸ்டார்ஃபில் அவர் இறந்தபோது 70 நிறைய இன்னும் 19 நாள் இருந்தது. அவருடைய கூட்டமைப்பில் அப்போது 400-க்கும் மேற்பட்ட சங்கங்கள்.

அவர் நம்ம பக்கம் வந்ததே இல்லை. ஆனால் பெயர் வந்தது. 1892-இல் சென்னை மாகாண அரசாங்கம், விவசாயிகளைக் கடனிலிருந்து மீட்க வழி பார்த்து வரும்படி ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் சொன்னது. அவர் ஐரோப்பாவில் நடப்பதையெல்லாம் ஆராய்ந்து 1895-லும் 1897-லும் ரெண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். அதில் சட்டம், திட்டம், கணக்கு எல்லாம் உண்டு. முடிவில் அவர் கேட்டது ஒரே ஒரு காரியம்: நம்ம கிராமங்களிலும் ஒரு ரைஃபைசன் கிடைக்க வேண்டும், அப்படி ஒருவரைத் தேடுங்கள். இரண்டாவது தொகுதி வந்த அதே 1897-இல்தான் அங்கே ஜெர்மனியில் அமாலியா இறந்தார்.

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. கிராமத்துச் சங்கங்களில் ஒவ்வொரு உறுப்பினரும் எல்லையில்லாத பொறுப்பு ஏற்க வேண்டும் என்ற விதி, ஃபிளாமர்ஸ்ஃபெல்ட் விவகாரத்திலிருந்து அப்படியே கப்பலேறி வந்தது. அந்த வருஷமே திருவள்ளூர் பக்கத்தில் திரூர் கிராமத்து விவசாயிகள் கூடி, ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீன் என்று ஒப்புக்கொண்டு, மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கத்தைப் பதிவு செய்தார்கள்.